பொத்தானுக்கும் கூலி கேளுங்கள்

ஆரி வகுப்பு முடித்து, வீட்டின் முன்னறையில் ஸ்டாண்டு போட்டுத் தைத்துக்கொண்டிருக்கும் தங்கைகளுக்கு,

போன ஆவணியில் ஒரு கல்யாண வீட்டு ரவிக்கை என் கைக்கு வந்தது. பால் வெள்ளை ராசில்க், உயர்ந்த கழுத்து, முதுகில் மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையாகப் பன்னிரண்டு துணிப் பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு மல்லிகை மொக்கும் காம்பும் இலையும் போட்டேன். பன்னிரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதற்காக மூன்றைப் பிரித்து மறுபடி தைத்தேன்.

உருப்படியை வாங்க வந்த அம்மா, சீட்டை வரி வரியாகப் படித்தார். தையல், லைனிங், கழுத்து ஒர்க், கை ஒர்க், நாட், குஞ்சம். எல்லாம் இருந்தது. முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பட்டனுக்கு எவ்வளவும்மா? எழுதலையே?” என்றார். “அதெல்லாம் வேண்டாம்மா, கொசுறா வச்சுக்கோங்க” என்றேன். சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது.

அன்று இரவு படுத்த பிறகுதான் கணக்குப் போட்டேன். படம் வரைந்து துணியை ஸ்டாண்டில் இழுத்துக் கட்ட அரை மணி நேரம். ஒரு பொத்தானுக்குத் தையல் இருபது நிமிடம் என்றால் பன்னிரண்டுக்கு நாலு மணி நேரம். வெட்டி, அச்சில் சுற்றி, பின்பக்கம் மூட ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடமாக ஒரு மணி நேரம். ரவிக்கையில் வைத்துத் தைக்க முக்கால் மணி நேரம். மொத்தம் ஆறேகால் மணி நேரம். பிரித்துத் தைத்த மூன்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு முழுநாள் வேலையைக் கறிவேப்பிலைக் கொத்துபோலத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அதுவும், கேட்டுக் கொடுக்க வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு.

அதனால்தான் இந்த மடல். உங்களில் பலருடைய சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். கழுத்துக்கு விலை இருக்கிறது, கைக்கு விலை இருக்கிறது. பொத்தான் என்ற வரியே இருப்பதில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: பொத்தானைக் கையால் தையுங்கள், நன்றாகத் தையுங்கள், தைத்ததற்குக் கூலி கேளுங்கள்.

நமக்கு ஏன் கேட்க வாய் வருவதில்லை என்று யோசித்தேன். தையற்கடையின் பழைய வரிசை நம் மனத்தில் ஊறிக் கிடக்கிறது. மாஸ்டர் துணி வெட்டுவார். டெய்லர் மெஷினில் உட்காருவார். மூலையில் முக்காலி போட்டு, கடைசி ஆளாக ஒரு காஜா பையன் இருப்பான். காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அவன் வேலை. டீ வாங்கி வருவதும் அவன்தான். தொழில் கற்க வந்தவன் என்பதால் அவனுக்குக் கூலி என்று தனியாக எதுவும் பேசுவதில்லை. பொத்தான் என்றாலே கடைசி ஆள் செய்யும் கடைசி வேலை என்ற எண்ணம் அங்கிருந்துதான் நமக்கு வந்தது. ஆனால் உங்கள் வீட்டு முன்னறையில் மாஸ்டரும் நீங்கள்தான், காஜா பையனும் நீங்கள்தான். கடைசி ஆளின் கூலியை விழுங்குவது யார் என்று பாருங்கள்.

பொத்தான் என்ற சொல்லே கடல் கடந்து வந்தது. சாவி, சன்னல், அலமாரி போலப் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல் அது. காஜாவும் அப்படித்தான். அவர்கள் மொழியில் ‘காஸா’ என்றால் வீடு. பொத்தான் நுழையும் துளைக்கும் அதே பெயர்தான். பொத்தான் குடியிருக்கும் வீடு காஜா என்று ஆகிறது. இந்த விஷயம் தெரிந்த நாளிலிருந்து காஜாவின் ஓரத்தைப் பிசிறில்லாமல் கட்டாமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

கையால் செய்த பொத்தானுக்காக ஒரு நாட்டின் பாராளுமன்றமே சட்டம் போட்டிருக்கிறது. இங்கிலாந்தில் மேக்கில்ஸ்ஃபீல்டு, லீக் போன்ற ஊர்களில் பட்டு நூலையும் மொஹேர் நூலையும் ஊசியால் அச்சின் மேல் பின்னிப் பொத்தான் செய்து பிழைத்த குடும்பங்கள் ஏராளம். தையற்காரர்கள் கோட்டுத் துணியில் மிச்சமான துண்டையே அச்சில் சுற்றிப் பொத்தானாக வைக்கத் தொடங்கியதும் இவர்கள் பிழைப்பு ஆட்டம் கண்டது. 1698-இல் அப்படிச் சுற்றிய துணிப் பொத்தானைச் செய்வதையும் விற்பதையும் தடுத்துச் சட்டம் வந்தது. 1709-இலும் 1720-இலும் அதை இறுக்கினார்கள். 1720-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அணிந்தவருக்கும் அபராதம் இருந்தது. சட்டத்தால் நாகரிகத்தை நெடுநாள் கட்டிவைக்க முடியவில்லை. உலோகப் பொத்தான் வந்து பட்டு நூல் பொத்தானைத் தள்ளிவிட்டது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். வெறும் துணியைச் சுற்றிய பொத்தான் வேறு, ஊசி ஏறி இறங்கிய பொத்தான் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். நாம் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு, இரண்டுக்கும் விலையில்லை என்கிறோம்.

அதே நாட்டின் தெற்கே டார்செட் என்ற பகுதி இருக்கிறது. அங்கே 17-ஆம் நூற்றாண்டில் ஷாஃப்ட்ஸ்பரி ஊரில் ஆபிரகாம் கேஸ் என்பவர் பொத்தான் தொழிலைத் தொடங்கினார். ஆட்டுக் கொம்பைச் சிறு வில்லையாக அறுத்து, அதன்மேல் துணியைச் சுற்றி, அந்தத் துணியின் மேல் மெல்லிய லினன் நூலால் நெருக்கித் தைத்தார்கள். கோபுரம்போல உயர்ந்து நிற்பதை ‘ஹை டாப்’ என்றும், தட்டையாக இருப்பதை ‘நாப்’ என்றும் அழைத்தார்கள். பிறகு கொம்புக்குப் பதில் கம்பி வளையம் வந்தது. வளையத்தைச் சுற்றிக் காஜாத் தையல் போடுவது, முடிச்சு வரிசையை உள்பக்கம் திருப்புவது, நடுவில் சக்கரக் கால்போல நூல்களை இழுப்பது, அவற்றை வட்டமாகப் பின்னி நிரப்புவது என்று நாலு படி. கிராமத்துப் பெண்களும் குழந்தைகளும் வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்ததெல்லாம் இதுதான். இரு நூற்றாண்டுக்கும் மேல் அந்த ஊர்களில் அடுப்பெரிந்தது இந்த ஊசியால்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லினன் பொத்தானை இயந்திரம் அடிக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே டார்செட் தொழில் சரிந்தது. பல குடும்பங்கள் பஞ்சத்தில் விழுந்தன. ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு என் பத்தொன்பதாம் வயது நினைவுக்கு வந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே பட்டன் மெஷின். கால் மிதித்துக் கண் இமைப்பதற்குள் ஒரு பொத்தான் ஏறிவிடும். அதோடு நம்மால் ஓட முடியாது. ஓட வேண்டியதும் இல்லை. விலை குறைத்து இயந்திரத்தை வெல்லப் பார்த்தால் டார்செட் பெண்களுக்கு நேர்ந்ததுதான் நமக்கும் நேரும். இயந்திரத்தால் முடியாததைச் செய்து, அதற்குரிய விலையைச் சொல்வது ஒன்றுதான் நமக்கு இருக்கும் வழி.

நம் கையில் இருக்கும் ஊசிக்கும் ஒரு வழித்தடம் உண்டு. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைத்த மோச்சி சமூகத்தாரின் கொக்கியிலிருந்து வந்தது ஆரி ஊசி. அந்தக் கொக்கியால் போட்ட சங்கிலித் தையல் துணிகள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போயின. பிறகு பிரான்ஸிலும் கொக்கித் தையல் பரவியது. வட்டச் சட்டத்தில் துணியை மேளத் தோல்போல இழுத்துக் கட்டியதால் அதற்குத் ‘தம்பூர்’ என்று பெயர். அரசரின் எம்பிராய்டரி ஓவியரான சேன்-ஓபேன் 1770-இல் பாரிஸில் வெளியிட்ட தன் தொழில்நூலில் இந்தத் தையலையும் விளக்கியிருக்கிறார்.

அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பிரபுக்களின் கோட்டுகளைப் பற்றி நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். துணியை வெட்டுவதற்கு முன்பே கோட்டின் முன்பாகம், பையின் மூடி, கைப்பட்டி எல்லாவற்றையும் ஒரே துணியில் வரைந்து தைத்துவிடுவார்கள். அதன் அருகிலேயே சின்னச் சின்ன வட்டங்களாகப் பொத்தான்களும் வரிசையாக இருக்கும். கோட்டில் ஓடும் கொடியின் ஒரு பூ, ஒரு இலை அந்த வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். பிறகுதான் தையற்காரர் கத்தரி வைப்பார். வெட்டப்படாமலே தங்கிப்போன அத்தகைய துணிகளை இன்றும் அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். கோட்டில் போட்ட அதே நூலும் அதே பூவும் பொத்தானிலும் இருந்தன. நாம் ஸ்டாண்டில் கழுத்தும் கையும் வரைந்துவிட்டு ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் பொத்தான் வட்டங்கள் போடுகிறோமே, அது அந்த முறையேதான்.

இனி வேலைக்கு வருகிறேன். கூலி கேட்க வேண்டுமானால் பொத்தான் பொத்தானாக உழைக்க வேண்டும். முதல் தடவை நான் அதில் தவறினேன். ஒரு குர்திக்கு ஜரிகையில் நீள நீளமாகச் சாட்டின் தையல் போட்டுப் பளபளவென்று பொத்தான் செய்தேன். இரண்டு சலவை தாங்கவில்லை. காஜாவுக்குள் நுழைந்து வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் நூல் உரசி, இழை இழையாகத் தூக்கிக்கொண்டது. முழு வரிசையையும் மாற்றிக் கொடுத்தேன். அந்தத் தவறிலிருந்து கற்றவை இவை:

முதலில் அளவு. கடையில் பொத்தானை லைன் கணக்கில் சொல்வார்கள். 40 லைன் ஒரு அங்குலம். ரவிக்கைக்கும் குர்திக்கும் 24 லைன் போதும், அது 15 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். துணியில் மூன்று வட்டம் வரையுங்கள். வெளி வட்டம் வெட்டும் கோடு, பொத்தானைப்போல ஏறக்குறைய இரு மடங்கு அகலம், 30 மில்லிமீட்டர். நடு வட்டம் பொத்தானின் விளிம்பு, 15 மில்லிமீட்டர். உள் வட்டம் 10 மில்லிமீட்டர். உங்கள் பூ அந்த உள் வட்டத்தைத் தாண்டக் கூடாது. அச்சு குவிந்திருப்பதால், தாண்டிய பகுதி சரிந்து பக்கவாட்டில் போய்விடும்.

வட்டங்களைத் தைத்து முடிக்கும்வரை வெட்டாதீர்கள். பட்டர் பேப்பரில் குத்தி, மண்ணெண்ணெயில் கலந்த பொடியைத் தேய்த்து எடுக்கும் நம் வழக்கமான முறையே போதும். பன்னிரண்டையும் ஒரே தாளில் குத்துங்கள். வட்டத்துக்கு வட்டம் கால் அங்குல இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு வட்டத்தின் உச்சியிலும், வெட்டும் கோட்டுக்குச் சற்று உள்ளே, வேறு நிற நூலில் ஒரு சிறு தையல் அடையாளமாகப் போட்டு வையுங்கள். அச்சில் சுற்றும்போது பூ எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதை அது சொல்லும். இது இல்லாவிட்டால் பன்னிரண்டு மொக்கும் பன்னிரண்டு திசை பார்க்கும்.

துணியைப் பொறுத்தவரை ராசில்க், மல் காட்டன், சில்க் காட்டன் மூன்றும் நல்ல பிள்ளைகள். காஞ்சிப் பட்டின் ஜரிகைக் கரையைச் சின்ன அச்சில் சுற்றாதீர்கள். தடித்துப்போய் மடிப்பு விழும், புடவை உடலின் வெற்றுப் பகுதியை எடுங்கள். வெளிர் நிறத் துணிக்கு அடியில் லைனிங் ஒன்று வைத்துச் சேர்த்தே தையுங்கள். இல்லையென்றால் தகர அச்சின் பளபளப்பு மேலே தெரியும். சிவப்பு, நீல நூலை முதலில் வெந்நீரில் போட்டுச் சாயம் விடுகிறதா என்று பாருங்கள்.

தையல் குட்டையாக, துணியோடு ஒட்டியதாக இருக்கட்டும். சங்கிலித் தையல், காம்புத் தையல், நெருக்கமான முடிச்சுத் தையல் ஆகியவை உரசலைத் தாங்கும். பின்பக்கம் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு நூலைத் தாண்டிக் கொண்டுபோகாதீர்கள். பெரிய முடிச்சும் வேண்டாம். இரண்டும் மேலே மேடாகத் தெரியும். திறந்து மூடும் பொத்தானில் மணி வேண்டாம். மணி வேண்டும் என்று கேட்பவருக்குக் காஜாவுக்குப் பதில் லூப் வைத்துக் கொடுங்கள்.

இரண்டு பாகமாக வரும் தகர அச்சில் வைத்து அழுத்தினால் வேலை வேகமாக முடியும். ஆனால் கண்ணாடி மணிகள் அந்த அழுத்தத்தில் நொறுங்கும். மலிவான தகரம் நாளாக நாளாகத் துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றும். அதனால் நான் மர வில்லையோ பழைய தட்டைப் பொத்தானோ எடுத்துக்கொள்கிறேன். அதன் மேல் மெல்லிய ஃபிளானல் துண்டு ஒன்று வைத்து, தைத்த துணியைப் போர்த்தி, விளிம்பிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தள்ளி இரட்டை நூலில் ஓட்டத் தையல் போடுகிறேன். நூலை இழுத்தால் சுருக்குப் பைபோல வாய் மூடிக்கொள்ளும். பின்னால் குறுக்கும் நெடுக்கும் நாலு தையல் போட்டு இறுக்கி, சின்ன வட்டத் துணியால் மூடிவிடுகிறேன். விளிம்பில் மணி வரிசை கேட்டால் இதன் பிறகு தைப்பதுதான் சரி.

கடைசியாகப் பொத்தானின் கழுத்து. பொத்தானை உடுப்பில் வைக்கும்போது இடையில் ஒரு தீக்குச்சியைச் செருகித் தையுங்கள். பிறகு குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை ஐந்தாறு சுற்றுச் சுற்றி முடிச்சிடுங்கள். மேல் துணிக்கு அந்த இடம் வேண்டும். இல்லாவிட்டால் பூவின் முகத்தில் சுருக்கம் விழும்.

இவ்வளவும் செய்த பிறகு கூலிக்கு வாருங்கள். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து முதல் பொத்தானுக்கும் ஆறாவது பொத்தானுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள். ஆறாவதுதான் உண்மையான நேரம். முதலில் கை பழகியிருக்காது. அதைப் பன்னிரண்டால் பெருக்கி, வரைவது, வெட்டுவது, சுற்றுவது, வைத்துத் தைப்பது என எல்லா நேரத்தையும் கூட்டுங்கள். உங்கள் ஊரில் தையல் தெரிந்த ஒருவருக்கு ஒரு நாள் கூலி என்னவோ அதை எட்டால் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. இரண்டையும் பெருக்கி, நூல், அச்சு, லைனிங் காசைச் சேருங்கள். வரும் தொகையைப் பார்த்து நீங்களே பயந்துபோவீர்கள். நானும் பயந்தேன். பயந்து குறைக்காதீர்கள். அவ்வளவு முடியாது என்று சொல்பவருக்கு ஆறு பொத்தான் கையால், மீதி ஆறு வெறும் துணியில் என்று சொல்லுங்கள். அல்லது எளிய ஒரு முடிச்சுப் பூ போடுங்கள். வேலையைக் குறைத்து விலையைக் குறைப்பது நியாயம். வேலையை அப்படியே வைத்துக்கொண்டு விலையைக் குறைத்தால் அது நம் குழந்தையின் டியூஷன் பணத்தில் கை வைப்பது.

“பக்கத்துத் தெருவில் சும்மா வச்சுக் கொடுக்கிறாங்களே” என்று ஒருவர் சொல்வார். அந்தப் பக்கத்துத் தெருக்காரி உங்களில் ஒருத்திதான். அவளும் உட்கார்ந்து கண் எரியத் தைத்திருக்கிறாள். ஒருத்தி கொசுறாகக் கொடுத்தால் தெருவில் எல்லோருடைய கூலியும் கொசுறாகிறது. அதனால்தான் இதைத் தனியாக ஒவ்வொருவரிடமும் சொல்லாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள் ஒருநாள் கூடி, உங்கள் பகுதிக்கு ஒரு விலையைப் பேசி வையுங்கள். அதற்குக் கீழே யாரும் இறங்குவதில்லை என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுங்கள்.

இன்னொன்று. டார்செட் பொத்தான்கள் தரம் பிரித்து, வண்ண அட்டைகளில் தைத்து விற்பனைக்குப் போயின. அந்த அட்டைகளில் சில இன்றும் இருக்கின்றன. அதைப் பார்த்து நானும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு கேட்டால் பதின்மூன்று தைப்பேன். பதின்மூன்றாவது எனக்கு. காலண்டர் அட்டை ஒன்றில் அதைத் தைத்து, அடியில் மூன்று வரி எழுதுவேன்: என்ன துணி, எத்தனை நிமிடம், என்ன விலை. புதிதாக வருபவரிடம் நான் பேரம் பேசுவதில்லை. அட்டையை நீட்டுகிறேன், அவர் விரலால் தடவிப் பார்க்கிறார், பிறகு விலையைப் படிக்கிறார்.

அந்த அட்டையில் முதலில் இருப்பது ஒரு மல்லிகை மொக்கு. கல்யாண ரவிக்கையிலிருந்து மிஞ்சியது. அதன் கீழே துணியின் பெயரும் நிமிடமும் எழுதிவிட்டேன். விலை இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அன்று நான் வாங்காததை இன்று எழுதினால் அது பொய். அடுத்த பொத்தானிலிருந்து எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது. உங்கள் அட்டையில் முதல் பொத்தானின் கீழேயே அதை எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப்போல முன்னறையில் ஸ்டாண்டு போட்டிருக்கும் அக்கா